பாலத்தோட இஷ்டம்

— அப்போ அப்பா கட்டுரையில ஒன்பதாம் பக்கம் இன்னும் சரிபார்க்கலையா, சித்தி?

— எட்டுல இருக்கேன். மணி பன்னெண்டரை, வாலு. ஆறு மணிக்குப் பத்திரிகை அச்சுக்குப் போகணும். உனக்கென்ன இங்க வேலை?

— அப்பா தூங்கிட்டாரா?

— எட்டு மாசம் அலைஞ்சு, கட்டாத ஒரு பாலத்தைப் பத்திப் பதினாலு பக்கம் எழுதின மனுஷன். இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார். ஏன் உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

— திட்ட மாட்டேன்னு சொல்லு.

— ஆதாரம் பார்க்காம நான் எதையும் சொல்றதில்லை.

— அமைச்சர் பேட்டியைக் கேட்டு டைப் பண்ணுன்னு அப்பா ரிக்கார்டரைக் குடுத்தாரில்ல? அதுல சும்மா பாடிப் பார்த்தேன். அது... அமைச்சர் பேச்சு மேலயே பதிஞ்சு, அது அழிஞ்சிடுச்சு. நாலு நிமிஷம்.

— அந்த நாலு நிமிஷத்துக்கு?

— நானே அமைச்சர் மாதிரி யோசிச்சு எழுதிட்டேன்... ஒரே ஒரு வரிதான் சித்தி, சத்தியமா!

— "அடிக்கல் நாட்டுறது என் வேலை. வளர்றது பாலத்தோட இஷ்டம்."

— அய்யோ! எப்படிக் கண்டுபிடிச்சே?

— அமைச்சர் திடீர்னு கீச்சுக் குரல்ல காதல் பாட்டு பாடினா சந்தேகம் வராதா? ஒன்பதாம் பக்கம் சாயங்காலமே முடிச்சாச்சு. நீயா வந்து ஒத்துக்கறியான்னு பார்த்தேன்.

— நீகூடப் பொய் சொல்வியா? அப்பாவே அந்த வரியைப் படிச்சுட்டு, "இதை எப்படிக் கவனிக்காம விட்டேன்"னு குதிச்சார், சித்தி. அட்டையில வேற போடறாங்க. அமைச்சர் சொல்லவேயில்லைன்னுட்டா? அப்பா இருபது வருஷமா சம்பாதிச்ச பேரு, என்னால...

— மூக்கைத் துடை. அமைச்சருக்குப் போன் போட்டு ஒவ்வொரு வரியா வாசிச்சேன். மூணு தடவை அடிக்கல் நாட்டினீங்களே? "நினைவில்லை." ஒப்பந்தம் மச்சானுக்குப் போச்சே? "நான் சொல்லலை." டேப்புல இருக்கிற அத்தனையையும் மறுத்துட்டார்.

— என் வரி?

— "அடடா, அதை நான்தாம்மா சொன்னேன்! தானா வாயில வந்துச்சு!"

— ஒத்துக்கிட்டாரா! அப்போ தப்பிச்சோம்!

— டேப்பு இல்லாத வரி நம்ம பத்திரிகையில வராது. கோடு போட்டு அடிச்சாச்சு, பார். அட்டையும் மாறுது. உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும்.

— சொல்றேன். அழுதுட்டே சொல்றேன். அவ்வளவுதானே?

— எங்க! அந்த வரியை எடுக்கறோம்னு அமைச்சர் ஆபீசுக்குத் தகவல் அனுப்பினேன். பத்தே நிமிஷத்துல வக்கீல் லைன்ல. "அய்யா சொன்ன பொன்னான வார்த்தையை மறைக்கிறீங்களா? கேஸ் போடுவோம்"கிறார்.

— சொல்லாத வார்த்தைக்கா!

— அதனால அஞ்சு மணிக்கு எழுந்திரு. பல்லைத் தேய்ச்சுட்டு, அமைச்சருக்குப் போன் போட்டு, அதை அவர் சொல்லவேயில்லைன்னு அவரையே நம்ப வை.

— நானா? அவர் ஆதாரம் கேட்டா?

— ரிக்கார்டர்ல நாலு நிமிஷம் இருக்கே. பாட்டை முழுசாப் போட்டுக் காட்டு.