எண்பத்தொன்பது வினாடிகளும் ஒரு மூச்சும்

நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, நிஹெய் சான். என் ஸ்டாப்வாட்ச் மீது ஆணை. மனைவி மீது ஆணையிடலாம் என்றால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடவுளோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடுகிறது.

போன வாரம் நீங்கள் வாங்கிவந்த சிவப்புப் பயறு இனிப்பில் சர்க்கரை சற்றுத் தூக்கல். குறை சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக, செப்டம்பர் பதினெட்டாம் தேதி வந்தால் அந்தப் பெட்டியோடு என் வாசலில் நிற்கிறீர்கள். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வந்தீர்கள். கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர அப்போதிருந்த பதினைந்து வருஷக் கெடு முடிந்து, இனி என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகும் வந்தீர்கள். இந்த முறை கைத்தடியோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்:

"முரோய் சான், டாக்டர் எனக்கு ஆறு மாசம் குடுத்திருக்கான். பாடகி சாயோகோ எப்படிச் செத்தாள்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேனே. சொல்லிடுங்க."

ஆறு மாசம் ஏராளம் என்றேன். நான் எண்பத்தொன்பது வினாடியில் ஒரு முழுக்கதையைச் சொல்ல வைத்தவன்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் வரும் அனிமே பொம்மைத் தொடர் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு பாட்டு வரும். அதற்கு நிலையம் ஒதுக்குவது தொண்ணூறு வினாடி. முன்னால் அரை வினாடி அமைதி, பின்னால் அரை வினாடி அமைதி. நடுவில் எண்பத்தொன்பது. ராக் குழுக்கள் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் பாடி அனுப்பும். அதை வெட்டி ஒட்டி எண்பத்தொன்பதுக்குக் கொண்டுவருவது என் வேலை. சவர பிளேடும் ஒட்டுத் தாளும்தான் கருவி. ஒலிநாடா கால் அங்குல அகலம்; இயந்திரத்தில் வினாடிக்கு எழுபத்தாறு சென்டிமீட்டர் ஓடும். அது பாலியெஸ்டர். இழுத்தால் அறுந்து போகாது. நீளும். ஒருமுறை நீண்டால் பழைய அளவுக்குத் திரும்பாது, குரல் தொய்ந்துவிடும். அதனால் எங்கள் கையில் பிளேடு இருக்குமே தவிர, நாங்கள் நாடாவை இழுக்கவே மாட்டோம்.

வெட்டிய துண்டுகளைச் சுவரில் கொக்கிகளில் தொங்கவிடுவோம். கொக்கி நிறைந்துவிட்டால் கழுத்தில் போட்டுக்கொள்வோம். எங்கள் ஆட்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூடுல்ஸ் கடையில் பார்த்தாலே தெரியும், கழுத்தில் பழுப்பாக இரண்டு மூன்று தொங்கும். எவனோ பாடிய பல்லவியை மாட்டிக்கொண்டு சூப்பு குடித்துக்கொண்டிருப்பான்.

இருநூற்றுப் பதினேழு பாட்டு வெட்டியிருந்தேன். ஒன்றுகூட ஒரு துளி கூடவில்லை, ஒரு துளி குறையவில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்டியதும் இல்லை. ஒட்டினால், வெட்டினவன் தப்பு செய்தான் என்று அர்த்தம். இந்த ஒரு விதியைத் தவிர என்னிடம் பெரிய ஒழுக்கம் ஒன்றும் இருந்ததில்லை.

இருநூற்றுப் பதினெட்டாவதுதான் சாயோகோவின் பாட்டு.

ஹச்சியோஜியில் சின்னச் சின்ன அரங்குகளில் கத்திக்கொண்டிருந்த குழு அது. நாலு பேர். பாடுகிறவள் சாயோகோ, இருபத்துநாலு வயது, ஒரு கண்ணை மூடுகிற மாதிரி முடி. இரும்பு மனிதர்கள் வானத்தில் சண்டை போடும் தொடருக்குப் பாட அவர்களைப் பிடித்துவந்தவர் இசைக் கம்பெனியின் தயாரிப்பாளர் இசோகாய். பொம்மைப் படத்துக்குப் பாடினால் ரசிகன் செருப்பைக் கழற்றுவான் என்று மற்ற மூன்று பேரும் பயந்தார்களாம். சாயோகோதான் கதையைப் படித்துவிட்டு, இரும்புக்குள்ளே உட்கார்ந்து அழுகிற பையனுக்காகப் பாடுகிறேன் என்று சொன்னாளாம். பாட்டைக் கேட்டபோது எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல பாட்டு.

கடைசிக் கூச்சலுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பாள். கிடாரும் டிரம்ஸும் சட்டென்று நின்றுவிடும். கிணற்றின் ஆழத்திலிருந்து எழுந்து வருகிறவள் போல நீளமாக ஒரு மூச்சு. பிறகுதான் கூச்சல்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு நிலையத்துக்கு நாடா போய்ச் சேரவேண்டும். இரண்டரை மணிக்கு எல்லாவற்றையும் வெட்டி முடித்து அளந்தால், தொண்ணூற்றரை. ஒன்றரை வினாடி கூட. அந்த மூச்சு சரியாக ஒன்றரை வினாடி. அதில் சொல் இல்லை, ராகம் இல்லை. வெட்டினேன். நூற்றுப் பதினாலு சென்டிமீட்டர். கொக்கியில் மாட்டினேன். இசோகாய் கேட்டுவிட்டுத் தலையாட்டினார், சாப்பிடப் போனார்.

மூன்று மணிக்கு சாயோகோ தனியாக வந்தாள். கையில் எனக்கும் சேர்த்து டப்பா காபி. போட்டுக்காட்டச் சொன்னாள். போட்டேன். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"மூச்சு எங்க, பெரியவரே?"

காட்டினேன். சுவரில் நாற்பது துண்டுகளுக்கு நடுவில் தொங்கியது.

"நீங்க பாட்டு வெட்டுறீங்களா, மீன் வெட்டுறீங்களா? தலையை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கீங்க."

நிலையத்தின் அளவைப் பற்றி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்த மூச்சுதான் பாட்டு, மற்றதெல்லாம் அது வருவதற்காக வாசலில் தண்ணீர் தெளிப்பது என்றாள். ஒன்றரை வினாடிதானே, நடுவில் கிடாரில் எடுத்துக்கொள்ளுங்கள், கிடார்க்காரன் என் பேச்சைக் கேட்பான் என்றாள். நியாயமான யோசனை. அதை நான் மறுக்கவே இல்லை. என் விதியைச் சொன்னேன். வெட்டினதை ஒட்டுவதில்லை, ஒட்டினால் நான் தப்பு செய்தேன் என்றாகும்.

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அதுதான் சிரமம். அன்பாகத்தான் சிரித்தாள்.

"அப்ப தப்புன்னு சொல்லிட்டுப் போங்களேன். ஒண்ணும் செத்துப்போயிட மாட்டீங்க."

சொல்லிவிட்டு எழுந்துபோய், கொக்கியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, நாங்கள் செய்கிற மாதிரியே கழுத்தில் போட்டுக்கொண்டாள். நீளம் அதிகம் என்று இரண்டாக மடித்துப் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டி சோபாவில் உட்கார்ந்து காபியைத் திறந்தாள்.

"நீங்க ஒட்டுறேன்னு சொல்ற வரைக்கும் இது என் கழுத்துலதான் இருக்கும். என் மூச்சு, நான் வச்சுக்கிறேன்."

நிஹெய் சான், இந்த இடத்தைத்தான் நீங்கள் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் டீ வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது அவள் அப்படிக் கிடந்தாள் என்று அன்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அறையை விட்டு நகரவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கம்பெனியின் நாடாவை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது. சோபாவுக்குப் பின்னால் போனேன். இரண்டு முனைகளையும் பிடித்து, தூங்குகிற குழந்தையின் கழுத்திலிருந்து துண்டை எடுக்கிற மாதிரி, மெதுவாக எடுத்தேன். நாடா என் கைக்கு வந்துவிட்டது. அவளிடம் மூச்சு இல்லை. எப்படி இருக்கும்? அது என் கையில் அல்லவா இருந்தது. அவளே சொன்னாளே, என் மூச்சு என்று. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பாடகிக்கு இன்னும் நாலைந்தாவது மிச்சம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

காபி டப்பா உருண்டு இயந்திரத்தின் காலடியில் நின்றது. கம்பளத்தில் கறை. அதைத் துடைத்தேன்.

பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் சொன்னபடியே செய்தேன். கிடாரில் ஒன்றரை வினாடி வெட்டி, மூச்சை அதன் இடத்தில் ஒட்டினேன். நாலு நிமிஷ வேலை. பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை, சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே இருந்தது. வாழ்க்கையில் நான் திரும்ப ஒட்டியது அது ஒன்றுதான். நாடாவை உறையில் போட்டு, வாசலில் காத்திருந்த நிலையத்து ஆளின் பையில் வைத்துவிட்டு, பிறகு உங்கள் ஆட்களுக்கு போன் செய்தேன்.

டாக்டர் அவள் கழுத்தைச் சுற்றிக் கால் அங்குல அகலத்தில் ஒரு கோடு இருந்ததாக எழுதினார். நீங்கள் என் சுவரிலிருந்த நாற்பது துண்டுகளையும், குப்பைக் கூடையிலிருந்த முந்நூறையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களாம். ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் தேடியது ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்தரை மணிக்கு, நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, நிஹெய் சான். உங்கள் மகனும் பார்த்ததாக ஒருமுறை சொன்னீர்கள். எனக்கு இனிப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது. நினைவிருக்கிறதா? முதுகில் தட்டிவிட்டீர்கள்.

ஐம்பது வாரம் ஓடியது. மீன் கடையில், முடிவெட்டும் கடையில், பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், எங்கே போனாலும் சனிக்கிழமை ஐந்தரைக்கு அந்த மூச்சு வந்தது. நான் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தேன். வாராவாரம் அது நீண்டது. முதல் வாரம் ஒன்றரைக்குச் சற்று மேல். இருபதாவது வாரம் இரண்டு. ஐம்பதாவது வாரம் மூன்றைத் தொட்டது. பாட்டு மட்டும் அதே அளவில் முடிந்தது. கணக்கு எப்படி ஒத்துப்போனது என்று என்னைக் கேட்காதீர்கள், அளந்ததைச் சொல்கிறேன். அகிதாவிலிருந்து ஒரு சிறுமி நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள்: அந்த அக்கா மூச்சு இழுக்கும்போது எங்கள் நாய் எழுந்து அறையை விட்டுப் போகிறது, ஏன்? இசோகாய் அதை எல்லோருக்கும் படித்துக்காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய அனிமே பாட்டுகளுக்கென்று ஒரு பெரிய கச்சேரி வைத்தார்கள். பேத்தி என்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனாள். வேறு யாரோ ஒரு பெண் சாயோகோவின் பாட்டைப் பாடினாள். ஆறாயிரம் பேர் கையில் விளக்குக் குச்சியை ஆட்டிக்கொண்டு கூடப் பாடினார்கள். அந்த இடம் வந்தது. விளக்குக் குச்சிகள் ஆடாமல் நின்றன. ஆறாயிரம் பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். பாட்டிலேயே அது ஒரு சடங்காகிவிட்டதாம், பேத்தி சொன்னாள்.

"தாத்தா, இந்த இடத்துல எல்லாரும் இழுக்கணும். நீங்களும் இழுங்க."

நான் இழுக்கவில்லை. அதை அவர்கள் வெளியே விட்ட சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சின்ன விஷயம். அன்று நாடாவை வாங்கிக்கொண்ட நிலையத்துக்காரர் மறுநாள் எனக்கு போன் செய்தார். அளவு எண்பத்தொன்பதே எண்பத்தொன்பது இல்லை, பத்தில் ஒரு பங்கு வினாடி கூட இருக்கிறது என்றார். "முரோய் சான், உங்களுக்குமா கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு?" என்று கேட்டார். மழைக்காலம், ஈரத்தில் அப்படி ஆகியிருக்கும் என்றேன். பாடினவள் செத்துப்போயிருக்கிறாள் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இருநூற்றுப் பதினெட்டில் கணக்குத் தவறிய ஒரே பாட்டு அது. எனக்கு இன்றைக்கும் அதுதான் உறுத்தல்.

ஆக, குற்றம் என்னுடையதுதான். ஒரு மூச்சை அதன் சொந்தக்காரியிடமிருந்து மெதுவாக எடுத்தேன். அவள் திணறவில்லை, நான் இழுக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.

ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல அந்தத் துண்டை அளந்தேன்: கொக்கியில் மாட்டியபோது நூற்றுப் பதினாலு சென்டிமீட்டர் இருந்தது, அவள் கழுத்திலிருந்து என் கைக்கு வந்தபோது நூற்று இருபத்தொன்று.