கிடங்கில் பிழை ஏதுமில்லை

"அந்தப் பொட்டியத் தூக்கி வெளிய போடுங்க. இல்லன்னா நானே போட்டுடுவேன்."

"கைய வச்சுப் பாரு."

"வைக்கறேன், என்ன பண்ணுவீங்க? ஊரான் கம்பெனி டேட்டா மொத்தத்தையும் இவர்தான் காப்பாத்தறாராம். சொந்த வீட்டு போட்டோ ஒண்ணத் திறக்கத் தெரியல."

லோத்குண்டாவில் இரண்டாவது மாடி வீடு. கீழே ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ராஜாராமனுக்குக் கேட்டுவிட்டது. தங்கை ஸ்ரீஜாவின் குரல். பதில் சொல்வது அவள் புருஷன் ஆனந்தகுமார். ராஜாராமன் படியிலேயே நின்றான். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் மச்சான் நுழைந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவன் மேல்தான் பாய்வார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் உள்ளே போனான். ஸ்ரீஜா தரையில் உட்கார்ந்து, மகள் ஸ்மிதாவின் ஸ்கூல் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். இடது தோளில் தையல் முழுசாக விட்டிருந்தது. வேன் கதவில் மாட்டியிருக்கும் என்று முணுமுணுத்தாள்.

இந்த ராஜாராமன் என் நண்பன். அவன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். நம்பாமல், பிறகு ஆனந்தகுமாரையே நேரில் பார்த்துக் கேட்டேன். நம் குழுவில் இந்நேரத்துக்கு முழித்திருப்பவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள். நான் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆனந்தகுமாருக்கு மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. பெரிய பெரிய டிஸ்க்குகளில் இருக்கும் டேட்டா கெடாமல் பார்த்துக்கொள்வது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஒரு சர்வர் கட்டி வைத்திருந்தான். இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே கிடங்கு. குடும்பத்தின் எல்லாப் படமும் அதில்தான்.

அந்தக் கிடங்கின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. எதை எழுதி வைத்தாலும், அதற்கு ஒரு கணக்கும் போட்டு வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால்... "அன்று எழுதியது வேறு, இப்போது இருப்பது வேறு" என்று பிழை பதியும். அந்த ஃபைலைத் திறக்க விடாது. ஆனந்தகுமாரின் போனுக்கு ஒரு மெயிலும் அனுப்பும்.

மாலை ஏழரை மணி. ஆபீஸ் முடிந்து பைக்கில் வருகிறான். லோத்குண்டாவுக்குள் திரும்பும் முன்னால் ராணுவ நிலத்தை ஒட்டி ஒரு ரோடு. ஒரு பக்கம் நீளமாக மதில், மேலே முள்கம்பி. இன்னொரு பக்கம் புளியமரங்கள். விளக்கு கிடையாது. நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது. ரோடு வளையும் இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப். தகரக் கூரை, உடைந்த சிமெண்ட் பெஞ்சு.

அந்தத் திருப்பத்துக்கு வரும்போது சட்டைப் பையில் போன் அதிரும்.

விர்ர்... விர்ர்...

"கிடங்கில் பிழை."

முதல் நாள் தற்செயல் என்று நினைத்தான். அடுத்த வாரமும் அதே இடம். சரிபார்க்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினான். அப்படியும் மெயில் வருவது அந்தத் திருப்பத்தில்தான். ஒரு நாள் ஆபீஸில் தங்கி ரொம்ப லேட்டாக வந்தான். அன்றும்... திருப்பத்தில்தான்.

அந்த பஸ் ஸ்டாப்பைப் பார்க்காமல் கடந்துவிடுவான். அங்கே பார்க்க அவனுக்கு மனசு வராது.

அவனுடைய அக்கா கல்பகம் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம் அது. டிஃபன்ஸ் ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்து, அவனோடேயே இருந்துவிட்டாள். சந்தனப் பவுடரும் மெஷின் ஆயிலும் கலந்து ஒரு வாசனை அவள் மேல் எப்போதும் இருக்கும். வாட்சை வலது கையில் கட்டுவாள், டயல் உள்பக்கம் இருக்கிற மாதிரி. ஸ்டோர்ஸில் சாமான் உரசி கண்ணாடி உடையாமல் இருக்க அப்படி ஒரு பழக்கம். அதே ஸ்டாப்பில்தான் ஸ்மிதாவின் ஸ்கூல் வேனும் நிற்கும். அத்தை இறங்கிக் காத்திருந்து, குழந்தையின் தோளைப் பிடித்து ரோடு தாண்டிக் கூட்டி வருவாள்.

கல்பகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூன்று பேராக நின்று போட்டோ எடுக்க விடமாட்டாள். நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பாள். தம்பி, தம்பி பெண்டாட்டி, நடுவில் குழந்தை என்று நின்றால், சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து ஓரத்தில் சொருகிக்கொள்வாள். பாதி ஆல்பத்தில் அவள் அரை முகம்தான் இருக்கும். ஆனந்தகுமார் கிண்டல் செய்வான்.

"நக்கோ ரே, வேணாம்டா. மூணு பேரு நக்கோ. நாலாவது ஆளா நான் இருக்கேன்ல, எடு" என்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் மூளைக்காய்ச்சல் வந்து, ஒரே வாரத்தில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேர். படம் எடுத்தால் மூன்று பேர். போட்டோ எடுக்கும்போது யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்த ஆளும் இல்லை.

பிழை ஒரு படத்தில் ஆரம்பித்தது. யாதகிரிகுட்டா கோயில் வாசலில், வழிப்போக்கர் ஒருவரைக் கேட்டு எடுத்த படம். சில்லறைப் பிழை என்று பதிவை அழித்துவிட்டான். திரும்ப வந்தது. கேபிளை மாற்றினான். டிஸ்க்கை மாற்றினான். மெமரி, பவர் சப்ளை எல்லாம் மாற்றினான். வந்தது. இப்போது இன்னும் இரண்டு படங்களில். ஸ்மிதா தனியாக நிற்கும் படங்கள் சரியாக இருந்தன. ஆபீஸ் பிக்னிக் படங்கள் சரியாக இருந்தன. அக்கா உயிரோடு இருந்த காலத்துப் படங்கள் அத்தனையும் சரி. கெட்டதெல்லாம் அவர்கள் மூன்று பேர் மட்டும் நிற்பவை. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கெட்டிருந்தது. அப்படி நடக்கவே நடக்காது என்று ஆபீஸில் சொன்னார்கள். அவனுக்கும் அது தெரியும்.

தூக்கம் போயிற்று. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் ஸ்க்ரீனைப் பார்ப்பான். ஸ்ரீஜா சண்டை போட்டது இதற்குத்தான். பெண்ணின் பிறந்தநாள் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். அதனால்தான் அன்று அண்ணனை வரச் சொன்னாள். அந்தப் படங்களையெல்லாம் எடுத்த அன்றன்றே ஒரே சிடியில் சேர்த்துப் போட்டு அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள். ராஜாராமன் அதைக் கொண்டுவந்திருந்தான்.

சிடியில் இருக்கும் நல்ல படத்தைக் கெட்டதன் மேலே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஆனந்தகுமாருக்கு மனசு கேட்கவில்லை. கெட்டது எது, எப்படிக் கெட்டது என்று பார்க்காமல் எழுத மாட்டேன் என்றான். தொழில் புத்தி. கிடங்கு திறக்க விடாத ஃபைலை, அதைக் கேட்காமலே டிஸ்க்கிலிருந்து நேராக உருவ ஒரு வழி இருக்கிறது. அன்று அதைச் செய்தான். பின்னால் ஸ்ரீஜாவும் ராஜாராமனும் நின்றார்கள்.

சர்வரின் ஃபேன் சூடாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. டிஸ்க் டக்... டக்... என்று தேடியது.

முதல் படம், கோயில் வாசல். மூன்று பேரும் தெளிவாக இருந்தார்கள். பின்னால் தூரத்தில், பூக்கடைப் பக்கம், புடவை கட்டிய ஒரு பெண் நடந்து வருகிறாள். முகம் கலங்கலாக இருந்தது. யாரோ பக்தர் என்று நினைக்கலாம்.

இரண்டாவது, டேங்க் பண்ட் ஏரிக்கரையில் எடுத்தது. அதே புடவை. பக்கத்தில் வந்திருந்தாள். பத்தடிகூட இருக்காது.

மூன்றாவது, பிறந்தநாள். வீட்டு ஹாலில் டைமர் வைத்து எடுத்தது. ஆள் யாரும் இல்லை. அப்பாடா என்று ஸ்ரீஜா மூச்சு விட்டாள். ஆனந்தகுமார் மட்டும் ஸ்க்ரீனை விட்டு நகரவில்லை. ஸ்ரீஜாவின் இரண்டு கையிலும் கேக் தட்டு. அவனுடைய ஒரு கை பேண்ட் பாக்கெட்டில், ஒரு கையில் கேமரா உறை. ஸ்மிதாவின் இரண்டு கையும் பலூன் நூலில்.

அப்படியானால் அவளுடைய இடது தோள்மேல் இருப்பது யார் கை?

மணிக்கட்டில் வாட்ச். டயல் உள்பக்கம்.

ஃபேன் காற்றில் வாசனை வந்தது... சந்தனப் பவுடர், மெஷின் ஆயில். மூன்று பேருக்கும் வந்தது. ராஜாராமன் என்னிடம் சத்தியம் செய்தான்.

ஸ்ரீஜாதான் முதலில் பேசினாள். "கிட்ட கிட்ட வராங்க பாருங்க. அண்ணிக்கு இவமேல உசிரு. கூட்டிட்டுப் போகத்தான் வராங்க."

யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. நீங்களாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டீர்கள். பெற்ற பெண்ணின் தோளில் செத்தவள் கை. ஆனந்தகுமார் சிடியைப் போட்டான். நல்ல படங்களை ஒவ்வொன்றாக மேலே எழுதினான். அப்படியும் பிழைப் பட்டியலில் அந்தக் கெட்ட படங்கள் பெயர் இல்லாத வெறும் எண்களாக நின்றன. கிடங்கு தினமும் தன் பழைய நிலையை ஒரு நகலாகப் பிடித்து வைத்திருக்கும், அதற்குள் அந்தப் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த நகல்களையும் அழித்தான். ஒன்று விடவில்லை. உருவி எடுத்த மூன்றையும் அழித்தான். பிறகு முழுக்கச் சரிபார்க்க ஓட்டினான். ராஜாராமனும் அன்று அங்கேயே தங்கிவிட்டான். மூன்று பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

விடிந்தபோது ஸ்க்ரீனில் அந்த வரி வந்தது. எத்தனையோ மாதமாக அவன் பார்க்காத வரி.

கிடங்கில் பிழை ஏதுமில்லை.

ஃபேன் காற்றில் வெறும் தூசி வாசனை.

ஸ்மிதா தூங்கி எழுந்து வந்தாள். ஒன்பது வயசு. தமிழ் புரியும், ஆனால் பதில் சொல்வதெல்லாம் தெலுங்கில், இல்லையென்றால் இந்தியில். யார் திட்டினாலும் மாறாத பழக்கம். அன்று ஹாலில் வந்து நின்றாள். இடது தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுத்தமான தமிழில் கேட்டாள்.

"அப்பா, அத்தை ஏன் கைய எடுத்துட்டாங்க?"

ராஜாராமன்தான் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, எந்தக் கை என்று மெதுவாகக் கேட்டான். முந்தின நாள் ஸ்டாப்பில் வேனை விட்டு இறங்கினபோது தண்ணி டேங்கர் பின்னால் வந்ததாம். இவள் பார்க்கவில்லையாம். தோளைப் பிடித்து ஒரே இழுப்பு. சட்டை கிழிந்துவிட்டதாம். அம்மா திட்டுவாள் என்று சொல்லவில்லையாம்.

தைத்த சட்டை நாற்காலிமேல் கிடந்தது. ஸ்ரீஜா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ராஜாராமன் ஆனந்தகுமார் பக்கம் திரும்பிக் கேட்டான். "மாப்ளே... போட்டோல நீங்க மூணு பேரு. உங்க அக்கா எத்தனாவது ஆளா வந்து நின்னாங்க?"

நாலாவது ஆளாக. நடுவில் நின்றது ஸ்மிதா.

ஆனந்தகுமார் அந்தச் சிடிப் படங்களை மறுபடி திறந்து பார்த்தான். எடுத்த அன்றே பதிந்த படங்கள், அதில் எந்தக் கெடுதலும் இருக்க முடியாது. மூன்றே பேர்தான். பிறந்தநாள் படத்தில் தோளில் கை இல்லை. ஆனால் அந்தப் படத்தில் ஸ்மிதா கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கம் அண்ணாந்து, ஒரு ஆள் உயரத்துக்குப் பார்த்துச் சிரிக்கிறாள். அங்கே சுவர்தான் இருக்கிறது.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது அந்தத் திருப்பத்தில் பைக்கை நிறுத்தி, போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறான். முன்பு பார்க்கப் பயந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். போன் அதிரவில்லை. வீட்டுக்கு வந்து கிடங்கை ஓட்டிப் பார்க்கிறான். பிழை இல்லை. மூன்று பேராக நின்று புதிதாகப் படம் எடுத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தானாம். ஸ்ரீஜா காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தசரா லீவு என்பதால் குழந்தை வீட்டிலேயே இருக்கிறாள். நேற்று பால்கனியில் தனியாக நின்று, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "இங்க வா, இங்க வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். ராஜாராமன் போன் செய்து சொன்னான்.

எனக்கு இந்த டிஸ்க் விஷயமெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. நம் குழுவில் இந்த வேலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கெட்டதை எப்படிச் சரிசெய்வது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பது அது இல்லை. மேலே எழுதி அழித்த பிறகு, நகல்களையும் அழித்த பிறகு, அந்தக் கெட்டுப்போன படங்களை அதே பிழையோடு திரும்பக் கொண்டுவர முடியுமா? கிடங்கைப் பழைய நாளுக்குத் திருப்பும் வழி ஏதோ உண்டு என்கிறார்களே, இத்தனை நாள் கழித்தும் அது நடக்குமா? அந்த சர்வரைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்று ராத்திரியே பதில் போடுங்கள். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்கிறது. வேன் அதே ஸ்டாப்பில்தான் நிற்கும்.