பள்ளிப் பலகை காட்டிய நேரம்

அபூசாலி: பள்ளிவாசல் நேரப் பலகைய முழுசாக் கழட்டு, றஊப். என்ர கண் முன்னால கழட்டு.

றஊப்: கழட்டித்தானே வச்சிருக்கிறன், காக்கா. கதிரையில இருங்கோ.

அபூசாலி: இருக்க வரேல்ல. அகதியாப் போன புத்தளத்தால திரும்பி வந்த நாள் தொட்டு இந்த எருக்கலம்பிட்டிக்குப் பாங்கு சொல்லுறவன் நான். இண்டையிலிருந்து வரவேண்டாமெண்டு பள்ளித் தலைவர் சொல்லிட்டார்.

றஊப்: நேத்து பலகை மஹ்ரிப் காட்டிட்டு, நோன்பு திறக்கிற நேரம். எல்லாரும் பேரீச்சம்பழத்தக் கையில வச்சுக்கொண்டு... நீங்க மைக்கப் பிடிச்சபடி பாங்கு சொல்லாமச் சும்மா நிண்டீங்க.

அபூசாலி: பொழுது படேல்ல. என்னத்தச் சொல்லுற?

றஊப்: பலகையில...

அபூசாலி: உன்ர பலகைக்கு ஆர் சொன்னது பொழுது பட்டதெண்டு?

றஊப்: உள்ளுக்க ஒரு சிப் இருக்கு. துடிப்ப எண்ணி எண்ணித்தான் நேரம் காட்டும்.

அபூசாலி: துடிப்ப ஆர் குடுக்கிற?

றஊப்: இந்தா, கிறிஸ்டல். ரெண்டு கால். சிப்புக்குக் கிட்ட வச்சு ஒட்டினாப் பிசகாமத் துடிக்கும்.

அபூசாலி: அது உன்ர கையிலயெல்லோ இருக்கு. பலகையில எங்க?

றஊப்: அந்த ஈயத்த இஞ்சால தாங்கோ, காக்கா.

அபூசாலி: வாயத் திற.

றஊப்: பழசு பழுதாப் போச்சு, காக்கா. புதுசு கொழும்பால இண்டைக்குத்தான் வந்தது. நோன்பு துவங்கிற அவசரம்... சிப்புக்குச் சொந்தமா ஒரு துடிப்பிருக்கு, அதில ஓடட்டும் எண்டு விட்டன். சூட்டுக்கு அது கொஞ்சம் வேகமா...

அபூசாலி: நான் வாயத் திறந்திருந்தா ஊரே நேரத்துக்கு முந்தித் திறந்து, அந்த நோன்பக் கழாவா இன்னொரு நாள் பிடிக்கோணும். "கிழவனுக்குக் கண் தெரியேல்ல" எண்டு பின்னால கத்தினதும் உன்ர குரல்தானே?

றஊப்: பசியில கத்திட்டன்... இந்தா, ஒட்டியாச்சு. இனி வெளித்துடிப்பக் கேள் எண்டு சிப்புக்கும் சொல்லோணும்.

அபூசாலி: சிப்புக்குக்கூடச் சொல்லித்தான் செய்யிறாய். என்னட்ட ஒரு வார்த்த கேக்காமப் போ எண்டிட்டீங்க. எழும்பு. மஹ்ரிபுக்கு முந்தித் தலைவரிட்ட வந்து சொல்லு, பிழை பலகையிலதான் எண்டு.

றஊப்: வாறன். ஆனா அவர் கேப்பார்... ரெண்டு கண்ணிலயும் புரை விழுந்த மனுசன் பொழுத எப்பிடிக் கண்டதெண்டு.

அபூசாலி: மஹ்ரிபுக்கு நேரமாகுது, எழும்பு.

றஊப்: இப்ப நீங்க வாயத் திறங்கோ.

அபூசாலி: நான் எங்க கண்டன்... தாழ்வுபாட்டு ஊர்த் தோமஸ் கடற்கரையில நிப்பான். சூரியன் முழுசாக் கடலுக்க போனாப் பிறகு, அவன் அடிப்பான், என்ர சட்டைப் பையுக்க போன் ஒருக்காத் துடிக்கும்.

றஊப்: வேதக்காரத் தோமஸோ? எங்கட நோன்புக்கு?

அபூசாலி: அவனுக்கு நோன்பில்லையடா. அவன்தான் பேரீச்சம்பழத்தப் பாக்காமச் சூரியனப் பாப்பான்.