கிழக்கு வாசல் பஸ்

இரண்டாவது ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம், மதுரை சிம்மக்கல்லில் திருமங்கலம் பஸ் ஏறினேன். ஒட்டுக்கேட்பது என் குணமில்லை. முன் பெஞ்சில் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள்.

"பால் காய்ச்சாம அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்."

"அது வீடில்ல புள்ள, பழைய பஸ்ஸு. கட்டிலும் அடுப்பும் போட்டிருக்கேன், அம்புட்டுத்தான். விடிஞ்சா குத்தாலம் கிளம்பணும்."

"ஆக்கித் தின்னு படுத்து எந்திரிக்கிற இடம் வீடுதான். வாசல் எந்தப் பக்கம்?"

"எல்லா பஸ்ஸுக்கும் போல இடது பக்கம்."

"திசையக் கேக்குறேன். நமக்குக் கிழக்கு வாசல்தான் ஆகும்னு ஜோசியர் சொன்னாருல்ல?"

அவர் உள்ளங்கையை பஸ்ஸாக்கித் திருப்பிப் பார்த்தார். "குத்தாலம் தெக்க இருக்கு. தெக்க பாத்துப் போனா வாசல் கிழக்க. ராசியான வீடு!"

"திரும்பி வாரப்ப?"

கை மெல்லத் திரும்பியது. "மேக்க."

"அப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"ஆறு மாசமா உனக்காகத்தானே ஆசாரிய வச்சு இழைச்சேன்!"

பஸ் திருப்பரங்குன்றம் தாண்டியது. பிறகு அவர் எழுந்து முன்னால் போய், டிரைவரிடம் குனிந்து கேட்டார்.

"அண்ணே, குத்தாலத்துலருந்து மதுரை வரைக்கும் ஒரு பஸ்ஸப் பின்பக்கமாவே ஓட்டிட்டு வர முடியுமா?"