அம்மா பெயர்

எழுபதுகளின் கடைசியில், சவூதியின் ஜித்தா நகரில், ஷரஃபியா பகுதியில் ஒரு மளிகைக் கடை. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். இளையவள் நர்ஸ்.

"அக்கா, இன்னைக்கு ஊசி போட வந்த பிள்ளைக்கு ரெண்டு அம்மா" என்றாள்.

"ஒருத்தனுக்கு ரெண்டு பொண்டாட்டியா?"

"இல்லக்கா. எரித்ரியாவுல சண்டைன்னு படகேறித் தப்பி வந்த சிநேகிதிங்க. யாரு பெத்ததுன்னு கேட்டா ரெண்டு பேருமே 'நான்தான்'ங்கறாங்க. பிள்ளைகிட்டயே சொன்னதில்லையாம். அடுத்த மாசம் ஒருத்தி துப்பாக்கி தூக்கத் திரும்பிப் போறா. அவ செத்தாலும் பிள்ளைக்கு அம்மா இருக்கணுமாம்."

மூத்தவள் கையிலிருந்த பருப்புப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "யா அல்லா! ஊசி அட்டையில அம்மா பேரு என்னன்னு எழுதுன?"

"கட்டம் சின்னதுக்கா. பொடிசா ரெண்டு பேரு பேரையும் எழுதிட்டேன்."