கிளப்பிலிருந்து வந்திருக்கோம்

— அந்தக் கப்பைக் கீழ வை கண்ணு. வீட்டுக்காரி ஒரு சாமானையும் தொடக்கூடாது. நம்ம பேக்கிங் குழுவோட முதல் சட்டமே அதுதான். நீ அந்த நாற்காலியில உக்காந்து டீயைக் குடி. அதுதான் இன்னைக்கு உன் வேலை.

— சும்மா உக்காந்திருந்தா கை என்னவோ மாதிரி இருக்குக்கா.

— இருக்கட்டும். எழுந்து எழுந்து வர்றவங்கதான் ஒவ்வொரு கரண்டியையும் கையில வெச்சுக்கிட்டு அரை மணி அழுவாங்க. அதுக்குள்ள வாசல்ல லாரிக்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுடுவான். எத்தனை வீட்டைக் காலி பண்ணியிருப்பேன், எனக்குத் தெரியாதா? டீச்சரம்மா, அங்க என்ன பண்றே? கண்ணாடி தம்ளருக்கு ஒத்தைத் தாளா?

— ஸாரி மேடம். ஆக்சுவலா இந்தத் தாளைப் படிச்சிட்டு இருந்தேன். பழைய கேள்வித்தாள். மண் அரிப்புக்கான காரணங்களை விளக்குகன்னு போட்டிருக்கு.

— அதெல்லாம் வீட்டுக்குப் போய் விளக்கு. இப்ப தம்ளரைச் சுத்து. வெளிய ரெண்டு தாள், உள்ள ஒண்ணைக் கசக்கித் திணி. பரீட்சை ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி மூட்டை மூட்டையா வாங்கி வெக்கறது நீ படிக்கறதுக்கா? புதுசா சேர்ந்தவங்களுக்கு வரவேற்புக் குழுவுல டீ ஊத்தற வேலைதான் குடுப்போம். நீதான் பேக்கிங்குக்கு வரேன்னு ஒத்தக் கால்ல நின்னே.

— ஆன்ட்டி வீடுன்னு கேட்டதும் வரணும்னு தோணிச்சு மேடம். முதல் நாள் புத்தக வட்டத்துக்கு வந்தப்போ யாருமே என்கிட்ட பேசல. ஆன்ட்டிதான் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வெச்சாங்க.

— மகளிர் கிளப்புல யாருமே பேசலயா? நல்லாக் கேளு கண்ணு, எப்படிப் புளுகறா பாரு. பேசறதை விட்டா நாங்க வேற என்ன பண்றோம்?

— பேசினாங்க. உன் வீட்டுக்காரர் எந்த டிபார்ட்மெண்ட்னு கேட்டாங்க. கல்யாணம் ஆகல, நான்தான் இங்க வேலை பாக்கறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அடுத்த கேள்வி வரல.

— அவங்களைச் சொல்லிக் குத்தமில்லம்மா. யுனிவர்சிட்டி வாத்தியார்கள் பொண்டாட்டிங்களுக்குன்னு ஆரம்பிச்ச கிளப்பு. வேதியியல் சார் வீட்டம்மா, சட்ட சார் வீட்டம்மா, அப்படித்தான் இங்க எல்லாரும். என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா எனக்கே திரும்பிப் பாக்கத் தோணாது. மண்ணியல் சார் வீட்டம்மான்னாத்தான் திரும்புவேன். இப்ப அதுவும் அக்காவுக்குப் போயிடுச்சு.

— என்ன கண்ணு இப்படிச் சொல்றே?

— தப்பா சொல்லலக்கா. எங்க வீட்டுக்காரர் தவறினதும் டிபார்ட்மெண்ட் உங்க வீட்டுக்காரர் கைக்கு வந்துச்சு. அப்ப மண்ணியல் சார் வீட்டம்மா நீங்கதானே.

— எனக்கு அந்தப் பேரெல்லாம் வேணாம். எப்பவும் போல கிளப்பு கேப்டன்னு கூப்பிட்டாப் போதும். நீ எங்க போனாலும் நம்ம ஆளுதான். பூக்கண்காட்சிக்கு உன் கையால செடி வெக்கலன்னா அது கண்காட்சியா? வருஷா வருஷம் வந்துடு.

— எங்க அண்ணன் ஊருக்கும் இங்கயும் ஒரு ராத்திரி பூரா ரயில்லக்கா.

— வரணும்னு மனசு இருந்தா ரயில் என்ன, நடந்தே வரலாம். டீச்சரம்மா, அந்தப் பெட்டியில வேற யார் வீட்டு எழுத்தோ இருக்கு பாரு. அடிச்சிட்டு 'சமையல், உடையும்'னு எழுது. பாப்பா எப்ப வருவா?

— சாயங்காலம்க்கா. ஸ்கூல்ல மாதிரிப் பரீட்சை.

— அதுவும் நல்லதுக்குத்தான். அவ வர்றதுக்குள்ள லாரியில ஏத்தி அனுப்பிடலாம். சின்னப் பசங்க இதையெல்லாம் நின்னு பாக்கக்கூடாது.

— இன்னைக்குக் காலி பண்றோம்னு அவளுக்குத் தெரியாதுக்கா.

— தெரியாதா? நீ சொல்லலயா?

— வாய் வரல. பெரிய பரீட்சை முடியற வரைக்கும் இங்கதான் இருப்போம்னு சொல்லி வெச்சிருந்தேன். கேப்டன் ஆன்ட்டி குவார்ட்டர்ஸ் ஆபீஸ்ல கேக்கறாங்க, அதுவரைக்கும் வீட்டை விட்டுடுவாங்கன்னு சொல்லியிருந்தேன். கிடைக்கலன்னு நீங்க சொன்னப்புறம் தினமும் சொல்லத்தான் பாக்கறேன். அவ முகத்தைப் பாத்தா முடியல.

— எனக்கு மட்டும் வருத்தம் இல்லயா? போய் நின்னேன். கெஞ்சினேன். ஆபீஸ் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல கண்ணு. அதிகாரிங்க மாறிட்டாங்க. கிளப்பு, கேப்டன்னு சொன்னா யாரு மதிக்கறா? முடியவே முடியாதுன்னுட்டாங்க.

— இல்ல மேடம்...

— என்ன இல்ல?

— இல்ல, ஆக்சுவலா, காலையில நீங்க என்னைக் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு அனுப்பினீங்களே, சாவியை எப்ப குடுக்கணும்னு கேக்கச் சொல்லி. அங்க இருந்த அம்மா வேற மாதிரி சொன்னாங்க.

— அவ கிடக்கறா. தம்ளரைச் சுத்து நீ.

— இல்ல மேடம், நல்ல விஷயம்தான். அதை எப்ப சொல்றதுன்னுதான் பாத்துட்டு இருந்தேன். வீட்டுக்காரர் தவறிப்போன வீட்டுக்கு எல்லாம் கேப்டன் வந்து வாயால ஒரு வார்த்தை கேப்பாங்களாம். அது போதுமாம். பசங்க படிப்பு முடியற வரைக்கும் வீட்டை விட்டுடுவாங்களாம். இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட மாட்டேன்னு சொன்னதில்லயாம். இந்த வீட்டுக்கு மட்டும் கிளப்புல இருந்து யாருமே வரலயேன்னு அவங்களே பேசிக்கிட்டாங்களாம். இப்ப போய்க் கேட்டாக்கூடக் குடுப்பாங்க ஆன்ட்டி! மேடம் ஒரு நடை நடந்தாப் போதும்.

— யாருமே வரலயா?

— அவளுக்கு என்ன தெரியும்? நேத்து வேலைக்கு வந்தவ. நான் கேட்டது பெரிய அதிகாரிகிட்ட.

— பெரிய அதிகாரியும் அங்கயே உக்காந்திருந்தார் மேடம். அவரும்தான் சொன்னார்.

— உன்னை யாரு இதையெல்லாம் விசாரிச்சிட்டு வரச் சொன்னா? சாவின்னா சாவியை மட்டும் கேக்கணும். படிச்சவங்களை வேலைக்குக் கூப்பிட்டாலே இதான் தொல்லை.

— அவளைத் திட்டாதீங்கக்கா. நீங்க கேட்டீங்களா, இல்லயா?

— லாரி வர்ற நேரம் கண்ணு. பாதி வீடு பெட்டிக்குள்ள இருக்கு.

— திரும்பப் பிரிச்சு வெச்சுடலாம். நீங்க கேக்கலயா?

— கேக்கல. போதுமா? அப்படிப் பாக்காதே. கேக்கணும்னுதான் கிளம்பினேன். செருப்பு மாட்டிட்டு வாசல்ல நிக்கறேன். அப்பதான் எங்க வீட்டுக்காரர் சொன்னார், இந்த வீட்டை எங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கேன்னு.

— உங்களுக்கா?

— எங்களுக்குத்தான். வர்ற வாரம் குடி வரணும்.

— மேடம், நீங்களே வந்து பேக் பண்றீங்க...

— நீ வாயை மூடு. உனக்கு என்ன தெரியும்? மாமியாரை வெச்சுக்கிட்டு மூணாவது மாடியில இருந்து பாத்திருக்கியா? லிஃப்ட் கிடையாது. ரெண்டு வருஷமா அந்தம்மா கால் தரையில படல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாலு ஆம்பளைங்க நாற்காலியோட தூக்கணும். போன தடவை படியில ஒருத்தன் வழுக்கி, அந்தம்மாவுக்குத் தோள்பட்டை போச்சு. ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு எப்ப கீழ போவோம், எப்ப கீழ போவோம்னு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதே பாட்டு. தரைத் தளத்துல வேற ஒரு வீடு காலியாகணும்னா இன்னும் எத்தனை வருஷமோ. நான் என்ன, மாளிகைக்கா ஆசைப்பட்டேன்?

— என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்ல? புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கறவகிட்ட உன் வீட்டைக் குடுன்னா? அதுவும் நானா தீர்மானிக்கல. 'பாவம் அந்தப் பொண்ணு படிக்குதே, கொஞ்ச நாள் விட்டா என்ன'ன்னு நானும் கேட்டேன். 'சீக்கிரம் காலி பண்ணிட்டுப் போகட்டும், அவங்களுக்கும் அதுதான் நல்லது'ன்னு சொல்லிட்டார். உனக்காவது அண்ணன் வீடு இருக்கு. அங்கயும் ஸ்கூல் இருக்கு. நாங்க எங்க போவோம்?

— உங்க வீட்டுப் பெரியம்மாவுக்கு எத்தனை தடவை நான் மாடியேறி வந்து தலை வாரி விட்டிருக்கேன். அவங்களுக்காகன்னு கேட்டிருந்தா பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே சாவியை உங்க கையில குடுத்திருப்பேன்.

— தெரியும் கண்ணு. நீ குடுப்பே. அதான் எனக்கு இன்னும் அசிங்கமா இருக்கு. இன்னைக்கு வராம வீட்டுலயே படுத்துக்கலாமான்னுகூட நினைச்சேன். மத்தவங்க வந்தா உன் சாமானை ஒழுங்கா கட்ட மாட்டாங்களேன்னுதான் வந்தேன். என்னைத் திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிடு.

— திட்டி என்னக்கா ஆகப்போகுது? பெரியம்மாவை எந்த ரூம்ல படுக்க வெக்கப் போறீங்க?

— பின்னால ரூம்ல. பாத்ரூம் ஒட்டியே இருக்கு, காலையில வெயில் வரும்.

— எங்க வீட்டுக்காரர் படிக்கற ரூம்.

— ஆமா. ஏன்?

— அங்க வேணாம்க்கா. முன் ரூம்ல வெச்சுக்கோங்க.

— அவர் அங்க போய்ச் சேந்தார்னு சொல்றியா? சாவு விழாத வீடு எங்க இருக்கு? மாரடைப்பு என்ன, ரூம் பாத்தா வருது?

— மாரடைப்பு இல்லக்கா.

— என்னது?

— விஷயம் தெரிஞ்சு கிளப்புல இருந்து முதல்ல வந்தது நீங்கதான். கையில சூப் பாத்திரம். 'கிளப்பிலிருந்து வந்திருக்கோம்'னீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'ஹார்ட்டா கண்ணு'ன்னு கேட்டீங்க. ஆமான்னு தலையாட்டினேன். அப்ப எனக்கு அதுக்குத்தான் தெம்பு இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள கிளப்பு பூரா ஹார்ட்டுன்னு பேசியாச்சு. எல்லாரும் சாப்பாடும் பூவும் கொண்டு வந்தாங்க. உண்மையைச் சொன்னா இதே ஜனம் வாசல் வரைக்கும் வருமா? அதனால அப்படியே விட்டுட்டேன்.

— ஐயோ. ஆன்ட்டி...

— உக்காரும்மா நீ. அந்தத் தம்ளரைக் கீழ வெச்சிடு.

— கண்ணு, நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? அவரேவா? தனக்குத் தானேவா?

— அவரேதான். அப்பாவுக்குக் காபி கொண்டு போய்க் கதவைத் திறந்தது பாப்பா.

— கடவுளே.

— அன்னியில இருந்து அவ அந்த ரூம்லதான் இருக்கா. அங்கதான் படிக்கறா. அங்கயே தரையில விரிச்சுப் படுத்துக்கறா. அப்பா தனியா இருப்பாரும்மாங்கறா. டாக்டர்கிட்ட வான்னு கூப்பிட்டேன், அண்ணன் வீட்டுக்குப் போலாம்னு கூப்பிட்டேன். 'பரீட்சை எழுதி முடிச்சதும் நானே எழுந்து வரேன், அதுவரைக்கும் இங்க இருந்து என்னை இழுக்காதே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அவளாவே ஒரு நாளைக் குறிச்சிருக்கா. அந்த நாள் வரைக்கும் இருந்துட்டா பிழைச்சுடுவான்னு நினைச்சேன். நான் வீடு கேட்டது பரீட்சைக்காக இல்லக்கா. சாயங்காலம் வந்து அந்த ரூம் காலியா இருக்கறதைப் பாத்தா அவ என்ன பண்ணுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு.

— மேடம், லாரிக்காரருக்குப் போன் பண்ணட்டா? வர வேணாம்னு சொல்லட்டா?

— சொல்லு. சொல்லிடு. நான் இப்பவே ஆபீசுக்குப் போறேன். அவங்க கால்ல விழுறேன். எங்களுக்கு வேணாம்னு சொல்றேன். ஏன் கண்ணு, என்கிட்ட மட்டுமாவது சொல்லக் கூடாதா? இது தெரிஞ்சிருந்தா நான் இந்த வீட்டு வாசல்படியை மிதிச்சிருப்பேனா? எனக்குத் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா பெத்த தாயைக் கொண்டு வந்து அந்த ரூம்ல போடலாம்னு அவரே சொல்லியிருப்பாரா? நேத்து ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு அவரே வந்து கட்டிலுக்கு அளவெடுத்துட்டுப் போனாரே. சொல்லு, எப்படிச் சொல்லியிருப்பார்?

— அவருக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு வாக்கிங் போனவர் பாப்பா அலறினதைக் கேட்டு ஓடி வந்தார். என்னோட சேந்து எங்க வீட்டுக்காரரைக் கீழ இறக்கிப் படுக்க வெச்சது உங்க வீட்டுக்காரர்தான்.