உப்புப் பார்க்க ஆளில்லாத சட்டி

மூடியத் தொடாத, கோல்மன். அந்தப் பக்கமா நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. இல்லப்பா, கோவமெல்லாம் இல்ல. என் வீட்டுக்காரருக்குக் கூடப் பொறந்தவன், பாதி நாள் இந்த அடுப்படியிலதான் சாப்பிடுற, உன்மேல எனக்கு என்ன கோவம்? இன்னைக்கு யாரையும் அடுப்புக்கிட்ட விடுறதா இல்ல, அவ்வளவுதான். ஆறு வருஷம் கழிச்சு எம் பொண்ணு இந்த வீட்டுல கை நனைக்க வரா. இந்தச் சட்டியில ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா ஓர்லா அப்புறம் இந்த வாசல மிதிக்கவே மாட்டா.

ஆமா, மாட்டுக்கறிதான். மோப்பம் புடிக்கிறதுல உன் நாய் உங்கிட்டப் பிச்ச வாங்கணும். ஆமாப்பா ஆமா, பெரிய வெள்ளி, கறி திங்கக் கூடாத நாள். எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து ஒரு துண்டு ரொட்டி, கருப்பு டீ, அதோட நிக்கிறேன்.

நான் என்ன பண்ணட்டும்? அவளே போன் பண்ணா. அம்மா, வர்ற வெள்ளிக்கிழம எனக்கும் இத்ரீஸுக்கும் லீவு, கால்வே ஊர்லேர்ந்து கெளம்பி வரோம், உன் வீட்டுலயே நோன்பு தொறக்குறோம்னா. எனக்குச் சந்தோஷத்துல வாய் கொளறிப் போச்சு. வாம்மா, உனக்குப் புடிச்ச ஸ்டூ ஆக்கி வெக்கிறேன்னுட்டேன். போன வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, திரு இருதயப் படத்துக்குக் கீழ காலண்டர் தொங்குது. அந்த வெள்ளிக்கிழம எந்த வெள்ளிக்கிழமன்னு அப்பத்தான் உறைக்குது. அப்படியே மாடிப்படியில உக்காந்துட்டேன்.

அவளுக்கு அது ஞாபகத்துலயே இல்ல, கோல்மன். பள்ளிக்கூடத்துல சிலுவைப் பாதைக்கு மெழுகுவத்தி புடிச்சு முன்னால நடந்த புள்ள. பாவாடையில மெழுகா ஒழுகி இருக்கும், நான்தான் சொரண்டி எடுப்பேன். கொஞ்ச நேரம் அழுதேன், பொய் சொல்லல. அப்புறம் நெனச்சுக்கிட்டேன், நாள மறந்துட்டா, நான் ஆக்குற ஸ்டூவ மறக்கல. அது போதும்னு எந்திரிச்சேன்.

திருப்பிக் கூப்பிட்டு நாள மாத்தச் சொல்லிருக்கலாம்ங்கிறியா? ஆறு வருஷமா வராதவகிட்ட, இந்த நாள் வேணாம், வேற நாள் வான்னு சொல்லவா? உனக்குப் புள்ள குட்டி இல்ல, நீ பேசுவ. சும்மா இருக்காத, அந்தக் கேரட்டச் சீவு. கத்தி அங்க இருக்கு. கோட்டக் கழட்டேன், ஈரம் சொட்டுது. வேணாமா? சரி, உன் இஷ்டம்.

சாமியார்கிட்ட சொல்லிட்டேன்ப்பா, மறைக்கல. திங்கக் கூடாதுன்னுதான் இருக்கு நோரீன், ஆக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லயேன்னு சிரிச்சாரு. அவருக்குச் சிரிப்பு. மூணு மணிக்குக் கோயில்ல எல்லாரும் சிலுவைய முத்தி பண்ணிட்டு இருந்தப்ப நான் இங்க கரண்டியும் கையுமா நிக்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து கோயிலுக்குப் போகாத பெரிய வெள்ளி இதான். ஜெபமாலைய இந்த அடுப்புக்கு முன்னாலதான் சொன்னேன். நடுவுல கிண்டவும் செஞ்சேன். மாதாவும் ஒரு வீட்டுல ஆக்கிப் போட்டவதானே, கோவிச்சுக்க மாட்டா.

சட்டி புதுசு. பழசுல எத்தன காலமா பன்னிக்கறி வெந்திருக்கு, எத்தன பாட்டில் கருப்பு பீரு ஊறியிருக்கு. என்ன தேச்சாலும் மனசு ஒப்பல. கறி, டவுன்ல ஹலால் கடையில வாங்குனது. கடைக்காரரு நல்ல மனுஷன், தாடிக்காரரு. கடவுள் பேரச் சொல்லித்தானே அறுத்தீங்கன்னு கேட்டேன். ஆமாம்மா, அவன் பேரச் சொல்லாம கத்தியே எடுக்க மாட்டோம்னாரு. என் கை தன்னால சிலுவ போட்டுடுச்சு. பின்னால நின்ன பொம்பளைங்க பாக்குறாங்க, எனக்கு வெக்கமாப் போச்சு. அவரு அதக் கண்டுக்கவே இல்ல. என்ன ஆக்கப் போறீங்கன்னு கேட்டாரு. ஸ்டூன்னதும் எடுத்து வெச்ச கறிய உள்ள வெச்சுட்டு, கால் சதையா வெட்டிக் குடுத்தாரு. நின்னு வேகும், அவசரப்படாதீங்கன்னாரு. எனக்கே பாடமா, சொல்லுன்னு கேட்டுக்கிட்டேன்.

மாவுல பெரட்டி, வெண்ணெயில செவக்க வறுத்தேன். பன்னிக்கொழுப்பு இல்லாம நான் கறி வறுக்குறது இதான் மொதல் தடவ. வெங்காயம், பிரிஞ்சி இல, ஒரு கைப்பிடி பார்லி. கெழங்குல பாதி கரையுற சாதி, பாதி கரையாத சாதி. அந்தச் சாறுக்குப் போடுற கட்டி இருக்கே, அதுலகூட ஒண்ணுல ஒயின் சேத்திருக்கான், பாரு! கடையில கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு டப்பாவா எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ரெண்டு மூணு வார்த்த புரியல. புரியாதத வாங்கவே இல்ல.

அந்தக் கருப்பும் கசப்பும் வரணுமே, பீரு இல்லாம எப்படின்னு நீ கேப்ப. டீத்தூள அள்ளிப் போட்டு, கரண்டி நட்டுக்க நிக்குற அளவுக்கு ஊற விட்டேன். அத வடிச்சு ஊத்தி, ஒரு கரண்டி கரும்புப்பாகு, ரெண்டு சொட்டு வினிகர். நெறத்தப் பாரு. தூரத்துலேர்ந்து பாருன்னேன்!

உங்கண்ணன் என்ன சொல்லுவாரு? பீரு ஊத்தாத ஸ்டூன்னா மழையில நனஞ்ச மாடும்பாரு. அன்னைக்கும் அதத்தானே சொன்னாரு.

நீ அன்னைக்கு இல்ல. ஊரெல்லாம் ஆளுக்கொரு கதையாச் சொல்லும். நான் சொல்றேன் கேளு. அவ மதம் மாறி நிக்காஹ் முடிஞ்சு, அவளும் இத்ரீஸும் மொத மொதலா வந்தாங்க. நான் பீரு இல்லாமத்தான் ஆக்கி வெச்சேன். மழ தூறுச்சு, கொடியில கெடந்த துணிய எடுக்க ஓடுனேன். அவ்வளவு நேரம்தான். உங்கண்ணன் ஒரு பாட்டில் பீர சட்டியில முழுசாக் கவுத்துட்டாரு. எனக்குத் தெரியாது. அந்தப் பையன் வெக்கப்பட்டு வெக்கப்பட்டு ரெண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டான். எம்பொண்ணு தட்டோட வழிச்சா. அப்பத்தான் இவரு மேசையத் தட்டிச் சிரிக்கிறாரு. என்ன, வானம் இடிஞ்சு விழுந்துச்சா, தொண்டையில நெருப்பு புடிச்சுச்சான்னு.

வெளையாட்டுதாங்கிறியா? அவருக்கு வெளையாட்டுதான். அவ ஒரு வாய் சாப்பிட்டுட்டா பழைய ஓர்லாவா ஆயிடுவான்னு நெனச்சிருப்பாரு போல. அந்தப் பையன் ஸ்பூன சத்தம் வராம கீழ வெச்சான். அவ கொல்லைக்கு ஓடிப் போயி, வெரல தொண்டைக்குள்ள விட்டு, ம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. நான் ஆக்குன சோறு அது.

கொதிச்சா பீரெல்லாம் ஆவியாப் போயிடும்டீன்னு இவரு வாசல்ல நின்னு சொல்றாரு. மூஞ்சியில அந்தச் சிரிப்பு ஒட்டிக்கிட்டே நிக்குது, எடுக்கத் தெரியல மனுஷனுக்கு. அவ வாயத் தொடச்சுக்கிட்டு, பீரு போயிடும்ப்பா, நீங்க எங்கிட்ட சொல்லலயே, அது போகாதுன்னா. போறதுன்னா போன்னுட்டாரு. போயிட்டா. அன்னைலேர்ந்து அவ பேர இந்த வீட்டுல அவரு எடுத்ததில்ல.

இன்னைக்கு வரான்னு நேத்து சொன்னேன். தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய போனவரு ராத்திரிதான் வந்தாரு. இப்ப அதோ பாரு ஜன்னல்ல. மழையில நின்னு உருளைக்கெழங்கு ஊனுறாரு. பெரிய வெள்ளிக்கு ஆசீர்வாதமா நாலு கெழங்கு ஊனுவோம், அது வழக்கம்தான். இவரு காலையிலேர்ந்து ஊனுறாரு. இந்த மாவட்டத்துக்கே போடுவாரு போல.

உப்பா? அத ஏன் கேக்குற! யாரு பாக்குறது? எனக்குப் பெரிய வெள்ளி. வரவங்களுக்கு நோன்பு. நீ வேணும்னா, என்ன தலைய ஆட்டுற? கோயில் பக்கம் நீ போயி எத்தன வருஷம் ஆச்சு? பூசைக்கு வரமாட்டாராம், இன்னைக்குக் கறிச்சாறு மட்டும் நாக்குல படக்கூடாதாம்! உன் நாய்க்கு ஒரு துளி வெச்சேன். நக்கிட்டு வால ஆட்டுச்சு. அது என் செருப்பத் தின்னுட்டும் வால ஆட்டும். கைக்கணக்கா உப்புப் போட்டிருக்கேன். ஆண்டவர் விட்ட வழி.

எங்க எந்திரிக்கிற?

தீய நான் பாத்துக்குறேன். வேணாம். நில்லு, கோல்மன். சட்டிக்கும் உனக்கும் நடுவுல நான் நிக்கிறேன் பாரு. என்னத் தள்ளிட்டுத்தான் போகணும்.

கோட்டுப் பையில என்ன?

நோரீன், நோரீன்னு கொஞ்சாத. மாட்டுக்கொட்டா செவுத்தோரமா உங்கண்ணன் உன் கையில திணிச்சத இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேன். நீயா எடுத்து வெப்பன்னுதான் இவ்வளவு நேரம் பேசிட்டே இருந்தேன். எடு. மேசையில வை.

ம். அதே கருப்புப் பாட்டில். திரும்பவுமாடா? இந்த நாள்ளயா? ஒருத்தி பட்டினி கெடந்து பயந்து பயந்து வரா, அவளுக்கு மறுபடியும்... உனக்கும் வெக்கமா இல்ல? நான் கத்தல. கரண்டி சட்டியில பட்டுச்சு, அவ்வளவுதான். உன்னோட அண்ணனுக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு, நீயுமா?

என்னத்தப் படிக்கணும்? லேபிளையா? நீயே படி. குடு இங்க. கண்ணாடி... இரு.

சைபர்னு போட்டிருக்கு.

போதை இல்லாததா? அப்படியும் இருக்கா? கருப்பாத்தான் இருக்கு. இத எங்க புடிச்சாரு? நம்ம ஊரு மதுக்கடையிலயா? அவரா போயிக் கேட்டாரு? நேத்து ராத்திரி எல்லாரும் உக்காந்திருந்தப்பவா? அய்யோ, அவனுங்க விட்டிருக்க மாட்டானுங்களே. பாப்பாவுக்குப் பால் புட்டியும் சேத்துத் தரவான்னு கேட்டாங்களா! பாவம். அத்தனையும் கேட்டுக்கிட்டு வாங்கிட்டு வந்துட்டாரா? உங்கண்ணனா?

உங்கிட்ட குடுக்குறப்ப என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு, நீயாச் சேக்காத. அவகிட்ட சொல்லிட்டு ஊத்துங்கன்னாரா?

சொல்லிட்டுன்னா சொன்னாரு? அந்த வார்த்தையேவா? நல்லா யோசிச்சுச் சொல்லு, கோல்மன். ஊத்துங்கன்னு மட்டும் சொன்னாரா, இல்ல, சொல்லிட்டு ஊத்துங்கன்னாரா?

இரு. கொஞ்சம் உக்காந்துக்குறேன்.

ஒண்ணுமில்ல. வெங்காயம்.

இல்ல, ஊத்த மாட்டேன். பேருலயே பீருன்னு இருக்கு, அவங்களுக்கு ஆகுமோ ஆகாதோ எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சட்டியில விடுறதா இல்ல. அவ தட்டுக்கு எதிர இப்படியே வெச்சுடுறேன், மூடி தொறக்காம. வேணும்னாலும் வேணாம்னாலும் அவளே சொல்லட்டும். ஆனா உன் வாயால சொன்னாப் பத்தாது, கோல்மன். உன் கையில குடுத்தனுப்பிட்டு மழையில ஒளிஞ்சுக்கிட்டாப் பத்தாது. ஆறு வருஷத்துக்கு ஒரு வார்த்த, அத அவரு வாயால, இந்த மேசையில உக்காந்து சொல்லணும்.

கார் சத்தம் இல்ல அது? பாரு, வளைவுல வெளக்கு தெரியுது. பொழுது சாஞ்சிடுச்சு, பேரீச்சம்பழமும் தண்ணியும் எடுத்து வெச்சாச்சு. எங்கூட உள்ளயே நிக்காத. நீ போயி அவரக் கூப்பிடு.

ஆங், போறப்ப ஒண்ணு. உன்ன எதுக்கு வரச் சொன்னேன்னு நெனச்ச, கேரட்டு சீவவா? மாடியில கட்டில் மேல என் பெட்டி கட்டி வெச்சிருக்கேன். எனக்கு அதத் தூக்கிட்டுப் படி எறங்க முடியாது. அவ இன்னைக்குச் சாப்பிட மட்டும் வரல, கோல்மன். அவங்க அப்பா இந்த மேசைக்கு வரலன்னா நானும் அவகூட கால்வேக்குப் போறதா பேசி வெச்சிருக்கோம். அவருக்குத் தெரியாது. நீ சொல்லவும் கூடாது. பயந்துட்டு வந்தா அது வந்ததாகாது.

அப்படிப் பாக்காத. நடுங்கிட்டு எடுத்த முடிவு இல்ல. ஜெபம் பண்ணி எடுத்தது.

போப்பா. சாப்பாடு ஆறுதுன்னு மட்டும் சொல்லு. பூட்ஸக் கழட்டச் சொல்லாத, அதுலயே நேரத்த ஓட்டிடுவாரு. சேத்தோடயே வரட்டும்.